தக்காளியின் செந்நிறச் சத்து

சந்தையில் தக்காளிப் பழத்தின் தரம் முதலாவதாக அதன் நிறத்தைக் கொண்டே மதிக்கப்படுகிறது. நன்கு சிவந்த பழத்துக்கு ஒரு விலையும், மஞ்சள் பாய்ந்த பழத்துக்கு அதனினும் தாழ்ந்த விலையும் கிடைப்பதை, ராயக்கோட்டை, பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் முதலிய சந்தைகளுக்குச் சரக்கு அனுப்பும் விவசாயிகள் யாவரும் அறிவர். அச்சிவப்பு கண்ணுக்கு அழகு தருவதோடு நின்றுவிடுவதன்று. அதற்குக் காரணமான பொருள், உண்பவரது தேகத்துக்கும் ஓரளவு நன்மை பயக்கக்கூடியதென்று கருத இடமுண்டு. அப்பொருள் பழத்தில் நிறைவதும் குறைவதும் பெரும்பாலும் பயிரிடுவோர் கையிலும், உடலிற் சேர்வதும் சேராதொழிவதும் பெரும்பாலும் சமைப்போர் கையிலும் இருக்கின்றன. இச்சத்தை மாத்திரையாக்கி, தீராத நோயெல்லாம் தீருமென்று விற்போரும் உளராதலின், மெய்யாக அறியப்பட்டது எவ்வளவு என்பதைக் கிராமத்தில் நாலு பேர் யோசனை கேட்கும் நிலையிலுள்ளவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

தக்காளி என்னும் பெயர், முற்காலத்தில் வேலியோரங்களிலும் கொல்லைகளிலும் தானே முளைக்கும் சிறு பழச் செடிகளுக்கு நம் நாட்டில் வழங்கி வந்தது. தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியிற் பிறந்து, மெக்ஸிகோ தேசத்தாரால் பயிராக்கப்பெற்று, ஐரோப்பியர் மூலமாக இங்கு வந்துசேர்ந்த இப்பெரும் பழத்தை நம் முன்னோர் 'சீமைத் தக்காளி' என்றே அழைத்தனர். நாளடைவில் அடைமொழி உதிர்ந்துபோயிற்று.

செந்நிறப் பொருள் யாது?

தக்காளியைச் சிவக்கச் செய்யும் பொருளுக்கு லைகோபீன் என்று பெயர். காரட்டுக் கிழங்குக்கு நிறங்கொடுக்கும் பீட்டா கரோட்டின் என்பதற்கு இது நெருங்கிய உறவு. பிரான்சு தேசத்து மில்லார்டே என்னும் தாவர நூற்புலவர் 1870-களில் தக்காளியினின்று இதனைத் தூய்மையற்ற நிலையில் பிரித்தெடுத்தார். திராட்சைக் கொடிக்கும் உருளைக்கிழங்குக்கும் இன்று நாம் தெளிக்கும் போர்டோக் கலவையை உலகுக்கு அளித்தவரும் அவரே. 1903-ல் ஷுங்க் என்பவர் இது கரோட்டினினின்று வேறானதென்று காட்டி, லைகோபீன் என்னும் பெயரை இட்டார். 1910-ல் வில்ஷ்டேட்டர், எஷர் என்னும் இருவர் இதில் 40 பங்கு கரியும் 56 பங்கு நீரகமும் அணுக்களாக அமைந்திருப்பதை நிறுவினர். இதன் அமைப்பைப் பின்னர் தெளிவாக்கிய காரர் என்பார் 1937-ல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

உறவு நெருங்கியதாயினும் குணத்தில் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. பீட்டா கரோட்டின் உடலினுள் ஏ வைட்டமினாக மாறக்கூடியது. லைகோபீன் அவ்வாறு மாறாது. ஆகவே மாலைக்கண் முதலிய குறைகளுக்குத் தக்காளியின் சிவப்பை நம்புதல் தவறு. அதற்கு முருங்கைக் கீரையும், மஞ்சள் நிறக் கனிகளும், காரட்டுமே உரியவை. எல்லாச் சிவப்பும் லைகோபீனன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மிளகாய்ப் பழத்தின் சிவப்பு வேறு. பீட்ரூட்டின் சிவப்பு முற்றிலும் வேறு. தக்காளி நீங்கலாக, நமக்கு எளிதிற் கிடைப்பவற்றுள் தர்ப்பூசணி, உட்சதை சிவந்த கொய்யா, சிவப்புப் பப்பாளி ஆகியவற்றில் இச்சத்து உண்டு. பழுத்த தக்காளியில் 100 கிராமுக்குச் சுமார் 2½ மில்லிகிராமும், தர்ப்பூசணியில் சுமார் 4½ மில்லிகிராமும், செங்கொய்யாவில் சுமார் 5 மில்லிகிராமும் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து இவ்வளவு ஏறியிறங்கும். அளவிற் குறைந்ததாயினும் தக்காளியே முதன்மை பெறுவதற்குக் காரணம், அது ஆண்டு முழுவதும் நாள்தோறும் நம் அடுப்பில் ஏறுவதே.

உடலில் அது செய்யும் வேலை

இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், எண்ணெயைச் சிக்குவாடை அடையச் செய்வதும் காற்றிலுள்ள பிராணவாயுவேயாகும். உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத அவ்வாயு, உடலினுள் சிற்சில வேளைகளில் மிகுந்த வேகங்கொண்ட நிலையை அடைந்து, உயிரணுக்களின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுப் பொருளையும் தாக்குகிறது. இத்தாக்குதலை ஏற்றுத் தணிக்கும் பொருள்கள் சில தாவரங்களில் உள்ளன. லைகோபீன் அவற்றுள் ஒன்று. வெயிலில் நின்று வேலை செய்யும் இலைக்கும் கனிக்கும் நேரும் தீங்கைத் தடுப்பதற்கென்றே தாவரங்கள் இவ்வகை நிறப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கின்றன. கிளர்ச்சியுற்ற பிராணவாயுவை அடக்குவதில் லைகோபீன், பீட்டா கரோட்டினைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு வல்லமையுடையதென்று 1989-ல் ஜெர்மனியில் நடந்த சோதனை ஒன்று காட்டியது.

சோதனைக் குழாயிற் கண்டது வேறு, மனித தேகத்திற் காண்பது வேறு. ஆகையால் மனிதரை வைத்து நடத்திய ஆராய்ச்சிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1995-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவனூச்சி என்பாரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சுமார் 48,000 ஆடவரின் உணவுப் பழக்கத்தை 1986 முதல் 1992 வரை கவனித்ததில், வாரத்தில் 10 வேளைக்கு மேல் தக்காளிப் பண்டங்களை உண்டவர்களுக்கு, 1½ வேளைக்கும் குறைவாக உண்டவர்களைவிட, பிராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய் 35 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அவ்வுணவுகளுள்ளும் எண்ணெயுடன் வேகவைத்த தக்காளிச் சாந்துக்கே தொடர்பு மிகுதி. தக்காளிச் சாற்றுக்குத் தொடர்பு காணப்படவில்லை. பின்லாந்தில் 1,031 ஆடவரைப் பல ஆண்டுகள் கவனித்து 2012-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், இரத்தத்தில் லைகோபீன் மிகுந்திருந்த கால்பங்கினருக்கு, குறைந்திருந்த கால்பங்கினரைவிடப் பக்கவாதம் 55 சதவீதம் குறைவாக நேர்ந்ததென்று கண்டனர்.

இவை கேட்பதற்கு இனிய செய்திகளே. எனினும் தக்காளி மிகுதியாக உண்போர் வேறு காய்கறிகளையும் மிகுதியாக உண்போராகவும், புகைபிடிக்காதவராகவும், தேகப்பயிற்சி உடையவராகவும் இருக்கக்கூடும். நன்மை எதனால் வந்ததென்று பிரித்தறிவது எளிதன்று. 2007-ல் அமெரிக்காவில் வேறொரு பெருங்கூட்டத்தாரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, லைகோபீனுக்கும் பிராஸ்டேட் புற்றுநோய்க்கும் யாதொரு தொடர்பும் காணப்படவில்லை. அதுவரை கிடைத்த சான்றுகளைச் சீர்தூக்கிய அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகத்தார், லைகோபீன் மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமென்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லையென்றும், தக்காளி உண்பதைப் பற்றிய சான்றும் மிகச் சொற்பமே என்றும் 2005-லேயே தீர்மானித்திருந்தனர். பின்வந்த ஆராய்ச்சிகள் இம்முடிவை மாற்றிவிடவில்லை.

மாத்திரையைப் பற்றி இன்னொன்று. லைகோபீனின் உறவாகிய பீட்டா கரோட்டினை, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமென்ற நம்பிக்கையில், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தனர். 1994-ல் வெளியான முடிவு, மாத்திரை உண்டவர்களுக்கே அந்நோய் 18 சதவீதம் அதிகமாக வந்ததைக் காட்டிற்று. பழத்திலிருக்கும் போது நன்மை செய்வதாகத் தோன்றும் ஒரு பொருள், பிரித்தெடுத்துப் பெருமளவிற் கொடுக்கும்போதும் அவ்வாறே செய்யுமென்பதற்கு உறுதியில்லை. வீடு தேடி வந்து விற்கப்படும் 'தக்காளிச் சத்து' டப்பாக்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதனை நினைவிற் கொள்வது நலம். பழத்தை அளவு கடந்து உண்டாலும் பெருந்தீங்கில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் சுமார் 2 லிட்டர் தக்காளிச் சாறு குடித்துவந்த ஒரு மாதின் மேனி செம்மஞ்சளாக மாறிய செய்தியை 1960-ல் ஒரு வைத்தியப் பத்திரிகை வெளியிட்டது. எனினும் நெஞ்செரிச்சல் உடையவர்களும், சிறுநீரகம் பழுதுற்றுப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி வைத்தியரால் சொல்லப்பட்டவர்களும் தக்காளியை அளவோடு கொள்ள வேண்டும்.

வெயிலாற் சருமம் சிவந்து எரிவதைப் பற்றியும் ஒரு சிறு சோதனை உண்டு. 2001-ல் ஜெர்மனியில், சிலருக்கு நாள்தோறும் 40 கிராம் தக்காளிச் சாந்தை ஒலிவ எண்ணெயுடன் 10 வாரம் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய சருமச் சிவப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைந்தது. சோதனைக்கு உட்பட்டவர் வெகு சிலர்; அவர்களும் வெண்ணிற மேனியர். நம் வயல்களில் நாள் முழுதும் நிற்பவர் இதை நம்பித் தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டியதில்லை.

ஆகவே, தக்காளி மருந்தன்று, நல்ல உணவு.

சமையலின் பங்கு

பீட்ரூட்டை வேகவைத்தால் தண்ணீர் சிவக்கிறது. தக்காளியை வெறும் தண்ணீரில் வேகவைத்தால் தண்ணீர் அவ்வளவாகச் சிவப்பதில்லை. அதனையே எண்ணெயில் வதக்கினால் எண்ணெய் செம்பொன் நிறமாகப் பிரிந்து நிற்கும். லைகோபீன் நீரிற் கரையாது, கொழுப்பிலேயே கரையும் என்பதை விளக்க இதைவிடச் சிறந்த பரிசோதனை வேண்டுவதில்லை. உடலினுள்ளும் இவ்வாறே. எண்ணெயோ நெய்யோ சிறிதாவது உடன் சேராவிடின் இச்சத்தில் பெரும்பகுதி குடலால் ஏற்கப்படாமற் கழிந்துபோகிறது. மேலும், பச்சைப் பழத்தில் இது உயிரணுக்களினுள் நுண்ணிய படிகங்களாகச் சிறைப்பட்டிருக்கிறது. வேகும்போது அணுச்சுவர்கள் உடைந்து அது வெளிப்படுவதோடு, அதன் ஒரு பகுதி உடல் எளிதில் ஏற்கத்தக்க உருவமும் அடைகிறது.

1992-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்டால், ஸீஸ் என்னும் இருவர் தக்காளிச் சாற்றைச் சிறிதளவு எண்ணெயுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தபோது, குடித்தவர்களின் இரத்தத்தில் லைகோபீன் இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது. கொதிக்கவைக்காத சாற்றைக் கொடுத்தபோது உயரவில்லை. நம் வீடுகளில் நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியுமளவும் கிளறியெடுக்கும் தக்காளித் தொக்கு, இவ்வாராய்ச்சி நடப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்நுட்பத்தைக் கையாண்டுவந்திருக்கிறது. வெறும் ரசத்தில் இச்சத்து குறைவாகவே பயன்படும். தாளிப்பு சேர்ந்தால் சிறிது மேல். தர்ப்பூசணிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதன் லைகோபீன் வேகவைக்காமலே உடலிற் சேர்கிறது.

வேகவைப்பதால் இழப்பும் உண்டு. 88 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்த தக்காளியில் சி வைட்டமின் ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்ததென்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002-ல் கண்டனர். ஒரு வேளை சமைத்தும் ஒரு வேளை பச்சையாகவும் உண்பது இரண்டிற்கும் பொருத்தமான வழி. தோலை உரித்தெறிவது மட்டும் வீண் செலவு. சதையைவிடத் தோலிலேயே லைகோபீன் பன்மடங்கு செறிந்திருக்கிறது. தக்காளியின் புளிப்பு செம்பையும் பித்தளையையும் அரிக்குமாதலால், ஈயம் பூசாத பாத்திரத்தில் இதைக் கொதிக்கவைத்தல் கூடாது.

வயலில் சிவப்பு உண்டாவதும் குன்றுவதும்

விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. சித்திரை, வைகாசியில் அறுவடைக்கு வரும் பழம் ஏன் செம்மையாகச் சிவப்பதில்லை என்ற வினாவுக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கிடைத்துள்ளது. அமெரிக்காவில் 1913-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட பெஞ்சமின் டக்கர் என்பவர், பச்சைத் தக்காளிகளைப் பறித்துப் பல்வேறு வெப்ப நிலைகளில் வைத்துப் பழுக்கவிட்டார். 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வைத்தவை மென்மையாகிப் பழுத்தன. ஆனால் மஞ்சளாகவே நின்றன. அம்மஞ்சள் பழங்களையே குளிர்ந்த இடத்துக்கு மாற்றியபோது அவை சிவந்தன. உஷ்ணம் செந்நிறம் உண்டாகும் வன்மையை அழிப்பதில்லை, தடுத்து நிறுத்துகிறது என்பது இதனால் விளங்கிற்று. பிற்காலத்தில் ஆரியோமைசின் என்னும் கிருமிநாசினி மருந்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவரும் இந்த டக்கரே.

20 டிகிரியை ஒட்டிய வெப்பம் செந்நிறத்துக்கு மிக உகந்தது. 30-ஐத் தாண்டினால் லைகோபீன் உண்டாவது விரைவாகக் குன்றும். பீட்டா கரோட்டின் உண்டாவது அவ்வளவாகத் தடைப்படுவதில்லையாதலால், கோடைப் பழம் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தோன்றுகிறது. அப்பழத்தைப் பயனற்றதென்று ஒதுக்குதல் சரியன்று. ஏ வைட்டமினாக மாறும் பொருள் அதில் இருக்கவே செய்கிறது. விலை மட்டுமே அதற்குக் குறைவு.

நம் சமவெளிகளில் கோடைப் பகலின் வெப்பம் 37, 38 டிகிரிக்கு மேல் ஏறுவது வழக்கம். நேர் வெயில் படும் பழத்தின் உடலோ, சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரி வரையும் கூடுதலாகச் சூடேறும். இலை மறைவிலுள்ள பழம் சிவந்தும், அதே செடியில் வெயிலுக்கு முகங்காட்டிய பழம் காம்படியில் மஞ்சள் பாய்ந்தும் இருப்பதன் காரணம் இதுவே. வெளிச்சம் பகையன்று; சிறிது வெளிச்சம் நிறத்துக்கு உதவுவதே. பகையாவது உஷ்ணம். ஆகவே காய்க்குக் குடைபோல் நிற்கும் இலைகளைக் கோடையில் மிகையாகக் கிள்ளுதல் ஆகாது. வெள்ளை ஈயாற் பரவும் இலைச்சுருட்டு நோய் கண்ட செடிகளில் இலைப்பரப்பு சுருங்கி, காய்கள் திறந்துபோய், விளைச்சலோடு நிறமும் கெடுகிறது. நாற்றங்கால் முதலே வலை கட்டி அந்த ஈயைத் தடுப்பது இவ்வகையிலும் லாபமே. முதலீடு செய்ய இயன்றவர்கள் கோடைப் பட்டத்துக்கு நிழல்வலை அமைக்கலாம். இயலாதவர்கள், காய் பழுக்குங் காலம் கடுங்கோடையில் விழாதவாறு நடவை முன்பின்னாக மாற்றிக்கொள்வதே செலவற்ற வழி. ஓசூர் முதலிய மேட்டுப் பகுதியாருக்கு இயற்கையே இச்சலுகையை அளித்திருக்கிறது.

உரத்தில் சாம்பல் சத்தை நினைவூட்ட வேண்டும். தழைச்சத்தைத் தாராளமாக இட்டு, சாம்பல் சத்தை மறப்பது நம்மவரிடையே பரவலான வழக்கம். சாம்பல் சத்துக் குறைந்த நிலத்தில் பழம் திட்டுத்திட்டாகப் பழுக்கும், சிவப்பும் மட்டுப்படும். மண் பரிசோதனை செய்து அதன்படி இடுக.

ரகங்களைப் பொறுத்தும் வேற்றுமை உண்டு. பெரியகுளத்தில் அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்தினின்று உண்டாக்கிய பி.கே.எம். 1 என்னும் ரகத்தின் காய், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் உடையது. தொலைதூரம் செல்லத் தாங்குமாயினும், கடும் வெயிலில் அத்தோள்பகுதியே கடைசிவரை சிவக்காமல் நிற்கும். காய் ஒரே சீராக வெளிர்பச்சையாயுள்ள ரகங்களில் இக்குறை சிறிது குறைவு.

பறிப்பும் பழுக்கவைத்தலும்

டக்கர் கண்ட உண்மை கோடை அறுவடைக்கு நேரே பயன்படும். பழம் செடியிலேயே முழுதும் சிவக்கட்டுமென்று கடும் வெயிலில் விட்டுவைத்தால் அது மஞ்சளாகி மெத்தென்று போகும். அடிமுனையில் முதல் நிறம் தோன்றிய உடனே, அதிகாலையில் பறித்து, நிழலிற் கொண்டுவந்து, காற்றோட்டமுள்ள ஓலைக் கொட்டகையில் ஓரடுக்காகவோ ஆழமற்ற பெட்டிகளிலோ பரப்பிவைத்தால், இரவின் குளிர்ச்சியும் நிழலும் சேர்ந்து செந்நிறத்தை வரச்செய்யும். தரையில் நீர் தெளித்துவைப்பது உஷ்ணத்தைத் தணிக்கும். பழத்தின்மேல் நீர் படலாகாது. மார்கழி, தை மாதங்களில் இவ்வளவு சிரமம் வேண்டா. அருகிலுள்ள சந்தைக்குச் செல்வதாயின் செடியிலேயே சிவக்கவிட்டுப் பறிப்பதே நிறத்துக்கும் சுவைக்கும் மேல்.

குளிர்ச்சி நல்லதென்று குளிர்பெட்டியில் வைப்பதும் பிழை. 13 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரில் சில நாட்கள் இருந்த பச்சைக் காய், வெளியே எடுத்த பின்னும் செவ்வனே பழுக்காது.

சில இடங்களில் கார்பைடுக் கல்லை வைத்துப் பழுக்கவைக்கும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. இக்கல்லில் நஞ்சாகிய ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கக்கூடும். இதன் வாயுவைக் கொண்டு பழுக்கவைத்த பழத்தை விற்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. 2016 முதல் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை உபயோகிக்க அனுமதியுண்டு. ஆனால் எத்திபான் கரைசலில் பழத்தை முக்கியெடுத்தல் கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, இவ்வாயுக்கள் பழுக்கத் தூண்டுமேயன்றி, 30 டிகிரிக்கு மேற்பட்ட கொட்டகையில் செந்நிறத்தை உண்டாக்கித் தர வல்லனவல்ல. கல்லுக்குச் செலவிட்டவர் மஞ்சள் பழத்தையே காண்பார். கிராம அதிகாரிகள் இதனைத் தண்டனைக்குரிய குற்றமென்று மட்டும் சொல்லாமல், பயனற்ற செலவென்றும் எடுத்துச் சொன்னால் விரைவிற் பலிக்கும்.

விலை சரியும் காலத்தில் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிடும் நிலையும், 2023 ஜூலையில் நேர்ந்ததுபோல் கிலோ 100 ரூபாய்க்கு மேல் ஏறும் நிலையும் மாறிமாறி வருகின்றன. மலிந்த காலத்துப் பழத்தைச் சாந்தாகவோ தொக்காகவோ ஆக்கிவைத்தால் லைகோபீன் வீணாவதில்லை; நீர் வற்றுவதால் அது செறிவடையவும் செய்கிறது. பச்சைப் பழத்தில் 100 கிராமுக்கு 2½ மில்லிகிராமாக இருப்பது, கெட்டியான சாந்தில் 28 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. திறந்த வெயிலில் வற்றல் போடுவதில் அவ்வளவு லாபமில்லை. வெளிச்சமும் காற்றும் சேர்ந்து நிறத்தை அழித்துவிடும். செந்தூள் பழுப்பாவது அதன் அடையாளம். வற்றலே போடுவதாயின் துணியால் மூடிய நிழற்கூண்டிலோ சூரிய உலர்த்திக் கூண்டிலோ உலர்த்தி, காற்றுப் புகாத இருண்ட ஜாடியில் அடைத்தல் வேண்டும். தொக்குக்கு எடுக்கும் பழம், முழுதும் சிவந்து இன்னும் கட்டுக்குலையாத பழமாக இருக்கட்டும்; மஞ்சள் பழத்தைக் கலந்தால் நிறம் மங்குவதுடன், அதனை மறைக்கச் சாயப்பொடி சேர்க்கும் ஆசையும் உண்டாகும். மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றி, ஈரமில்லாத அகப்பையால் எடுத்து வந்தால் பல வாரம் கெடாது.